மாமன் மடி

அது நடந்ததை முதலில் வெளியே சொன்னவள் சுந்தரவடிவு. புண்ணுக்குக் கட்டும் வெள்ளைத் துணியை நெய்து ஊர் ஊராக அனுப்புகிற எங்கள் ஊரில், தபால் அலுவலகத்தில் வேலை பார்த்த சுந்தரவடிவு, ஒரு திங்கட்கிழமை காலை, இரண்டாவது தோசைக்கும் மூன்றாவது தோசைக்கும் நடுவே எட்டிக் கண்ணாடியைப் பார்த்துப் பவுடரைச் சரிசெய்துகொண்டபோது, அடுப்படியிலிருந்து அவள் அம்மா, கோபமே இல்லாமல், பழக்கத்தில் வருகிற ஒரு குரலில், "எம்புட்டு அப்பினாலும் கறுப்பு கறுப்புத்தான்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் சேலை தரையில் குவிந்தது, குவிந்த சேலைக்குள்ளிருந்து ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி தலையை நீட்டினாள், அவள் முகத்தில் பவுடர் மட்டும் அப்படியே இருந்தது. அம்மா மூன்றாவது தோசையைத் தட்டில் போட்டு, "ஆறுறதுக்குள்ள தின்னு" என்றாள். காபி ஆறும் நேரத்தில் சுந்தரவடிவு வளர்ந்து பழையபடி ஆனாள், சேலையைக் கட்டினாள், அலுவலகம் போய் ஏன் தாமதம் என்று கேட்டவரிடம் நடந்ததைச் சொன்னாள். கேட்டவர், முந்தின நாள் மாலை அண்ணனோடு போனில் பேசிவிட்டுத் தன் ஒற்றைச் செருப்புக்குள் இரண்டு காலையும் ஒன்றாக விட்டு நின்ற மனிதர், முத்திரைக் கட்டையை எடுத்துக் கொடுத்தார்.

அதன் பிறகு அது எல்லா வீடுகளுக்கும் வந்தது, எந்த வீட்டிலும் யாரும் கூச்சலிடவில்லை. தையல்காரர்கள் சட்டைக்கும் ரவிக்கைக்கும் உள்ளே நாடா வைத்துத் தைத்தார்கள், இழுத்தால் சின்னதாகும், விட்டால் பெரியதாகும். தறிக்கூடங்களில், தறி ஓடும்போது வீட்டிலிருந்து வரும் போனை எடுக்கக் கூடாது என்று சுவரில் பெயிண்டால் எழுதினார்கள், ஏழு வயதுக் கை எந்த இடுக்குக்குள்ளும் போய்விடும் என்பதால். மினிபஸ் கண்டக்டர் ஏறும்போது அரை டிக்கெட் கிழித்து, இறங்கும்போது ஆள் வளர்ந்திருந்தால் இன்னொரு அரையும் கிழித்தார். கல்யாண மண்டபங்களில் பெண் அறை, மாப்பிள்ளை அறையோடு பாய் விரித்த மூன்றாவது அறை ஒன்றும் வந்தது, அங்கே மொய் எழுதிவிட்டு வந்த பெரிய மனிதர்கள் மூக்கு ஒழுக உட்கார்ந்து பிஸ்கட் தின்றார்கள். மாப்பிள்ளை பார்க்கப் போனவர்கள் சம்பளத்தைக் கேட்ட கையோடு, "மாப்பிள்ளை எதுக்குச் சிறுப்பாரு?" என்றும் கேட்டார்கள், எதற்குமே சிறுக்க மாட்டார் என்று சொன்ன வீட்டை யாரும் நம்பவில்லை. மாவட்டத் தலைநகரிலிருந்து ஒரு டாக்டர் வந்து எல்லாரையும் சுவரோரம் நிறுத்தி உயரம் அளந்து டானிக் எழுதிக் கொடுத்தார், அதைக் குடித்தவர்களுக்கு நன்றாகப் பசி எடுத்தது.

"என்ன மாப்ள, பொங்கலுக்கு உங்க அண்ணன் வர்றாராமே, எந்த வயசுல நிக்கப் போற?" என்று டீக்கடையில் கேட்பார்கள்.

"நான் லாட்ஜ்ல ரூம் போட்டாச்சுய்யா" என்று பதில் வரும்.

வெளியாள் செருப்பால் அடித்தாலும் யாரும் சிறுக்கவில்லை. கந்துவட்டிக்காரன் வாசலில் நின்று கத்தினாலும், போலீஸ்காரர் சட்டையைப் பிடித்தாலும், அவரவர் உயரத்தில்தான் நின்றார்கள். அதற்கு இரத்தம் வேண்டியிருந்தது. பெற்றவர்கள் வேண்டும், கூடப்பிறந்தவர்கள் வேண்டும், பெற்ற பிள்ளைகள் வேண்டும். அவர்களுடைய ஒரு சொல், ஒரு செருமல், சோற்றைப் பார்த்துவிட்டு ஆளைப் பார்க்கும் ஒரு பார்வை. முதன்முதலில் அது எந்த வயதில் ஒருவரைக் கீறியதோ அந்த வயதுக்கு அவர் போய்விட்டுத் திரும்பி வருவார். கீறியவருக்கு மட்டும் தான் என்ன செய்தோம் என்பது ஒருபோதும் தெரிவதில்லை.

பூமிநாதன் ஏழு வயதுக்குப் போனான். தறிக்கூடத்தில் ஃபிட்டர், நிலைப்படியில் குனிந்து நுழைகிற உயரம், ஒரு கையால் மோட்டாரைத் தூக்கி வைக்கிறவன், நாற்பதைத் தாண்டியவன். அவன் அய்யா வெள்ளைச்சாமி, மனைவி இறந்த பிறகு மகன் வீட்டின் முன்னறையில் இருந்தார். நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து, காற்றில் ஒரே ஒரு முறை 'படார்' என்று உதறி, இருக்கையைத் தட்டிவிட்டு உட்காருவது அவர் வழக்கம். பூமிநாதன் சின்னவனாக இருந்த காலத்தில் அந்தச் சத்தத்துக்குப் பிறகு துண்டு முறுக்கப்படும், முறுக்கிய துண்டு அவன் முதுகில் இறங்கும். இப்போது சத்தத்துக்குப் பிறகு எதுவும் வருவதில்லை, கிழவர் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார், அவ்வளவுதான். ஆனால் சத்தம் கேட்டதும் அடுக்களை வாசலில் கைலி ஒன்று தரையில் விழும், அதன் நடுவில் நெஞ்செலும்பு தெரிய ஒரு சிறுவன் நிற்பான். அவன் மனைவி உலகம்மாள் கைலியை எடுத்து அவனைச் சுற்றிக்கட்டி, "உள்ள வாங்க" என்று கூட்டிப் போவாள், ஏழு வயதானாலும் புருஷன் புருஷன்தான் என்பதால். பிள்ளை வேண்டாம் என்று கல்யாணம் முடிந்த வாரமே பூமிநாதன் அவளிடம் சொல்லியிருந்தான். ஏன் என்று அவள் அப்போது கேட்கவில்லை, இப்போது கேட்க வேண்டியிருக்கவில்லை.

அவன் தங்கை செண்பகவல்லி எதற்கும் சிறுக்காதவள். சின்ன வயதில் அய்யாவின் துண்டு சுழலும்போது அவள் எப்போதும் அண்ணனுக்குப் பின்னால் இருந்தாள், அவன் முதுகைத் தாண்டி அடி அவளிடம் வந்ததில்லை. அதனால்தான் அவள் முழு உயரத்தில் நிற்கிறாள் என்று ஊரில் சொன்னார்கள். அவளைத் தெற்குத் தெருவில் கட்டிக் கொடுத்திருந்தது. கல்யாணமாகி வெகுநாள் கழித்து அவளுக்கு யாழினி பிறந்தாள்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குக் காது குத்துவது தாய்மாமன் மடியில் வைத்துத்தான். மாமன் கம்மல் கொண்டுவர வேண்டும், மாலை போட்டுக்கொண்டு உட்கார வேண்டும், பிள்ளை அவன் மடியில் இருக்கும்போதுதான் ஆசாரி ஊசியை எடுப்பார். அப்படி ஒருவன் தன் மடியில் உட்கார வைத்துவிட்டால் பிறகு அந்தப் பிள்ளை சமைந்தாலும், கல்யாணமானாலும், சீர் தூக்கி வருகிறவன் அவன்தான். பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவில் கிடக்கிற பாலம் அது. யாழினிக்கு ஒரு வயதானபோது குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்த ஏற்பாடு செய்தார்கள். பூமிநாதன் மாலையோடு உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்கினான். பந்தலின் ஓரத்தில் வெள்ளைச்சாமி ஒரு நாற்காலியைக் கண்டுபிடித்து, உட்காருவதற்கு முன்னால் துண்டை உதறினார். மடி இல்லாமல் போனது. பிள்ளை தரையில் விழுந்து நெற்றி கிழிந்தது. இரத்தத்தைப் பார்த்துக்கொண்டு மாலைக்குள் நின்ற ஏழு வயதுச் சிறுவனைப் பார்த்துச் செண்பகத்தின் மாமியார், "எங்க வீட்டுப் பிள்ளைக்கு வாய்ச்ச மாமன் இவளவிடப் பச்சப்பிள்ளையால்ல இருக்கான்" என்றாள், பந்தலே சிரித்தது. காது குத்து நின்றுபோனது.

இரண்டு வருடம் கழித்துச் செண்பகம் அண்ணன் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"அண்ணே, எங்க மாமியா வேற மடி பாத்துட்டாங்க."

"வேற மடியா?"

"எங்க கொழுந்தனோட மச்சினன். சிறுக்காத ஆளாம். அவங்க அப்பா அவன் பிறக்கிறதுக்கு முந்தியே செத்துட்டாராம், நல்லவேளைங்கறாங்க. வர்ற தை மாசம் நீ உக்காரலைன்னா அவன் உக்காருவான். அப்புறம் எல்லாத்துக்கும் அவன்தான். நீ பந்தியில சாப்பிட்டுட்டு வெத்தல போட்டுக்கிட்டுப் போகலாம்."

"நான் வர்றேன் செண்பகம்."

"எந்த நீ? ஃபிட்டரா, ஏழு வயசா?" என்றாள் அவள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்குன்னு அந்த வீட்ல வந்து நிக்கறதுக்கு வேற யாரு இருக்கா? இந்தத் தடவையும் அப்படி ஆச்சுன்னா நான் உன்னக் கூப்பிடறதையே விட்டுருவேன். மனசு வெறுத்துச் சொல்லல. முடியலைன்னுதான் சொல்றேன்."

அன்றிலிருந்து பூமிநாதன் பழகினான். வேறு யாரும் துண்டை உதறிப் பயனில்லை, உலகம்மாள் உதறிப் பார்த்தாள், கொடித் துணி உதறுகிற மாதிரிதான் இருந்தது. அய்யா உதறுகிற நேரத்துக்காக அவன் தினமும் அடுக்களை வாசலில் காத்து நின்றான். சத்தம் வரும், கால் சிறுக்கத் தொடங்கும், அப்போது தன் உள்ளங்கையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, இது கிரீஸ் என்று சொல்வான், இது ஃபிட்டர் கை, இந்தத் தழும்பு பெல்ட் அறுந்தபோது வந்தது, அப்போது எனக்குக் கல்யாணமாகியிருந்தது, இது என் வீடு, அது என் நாற்காலி, இந்த மாதம் அதற்குக் கால் மாற்றியது நான். முதலில் அப்படியும் ஏழு வயதுக்குத்தான் போனான். பிறகு ஒன்பதில் நின்றான். ஐப்பசி முடிவதற்குள் பன்னிரண்டில் நின்றான். ஊரே கவனித்தது.

"இன்னைக்கு எதுல நின்னீங்க மேஸ்திரி?" என்பார் டீக்கடைக்காரர்.

"பதினஞ்சு."

"கொஞ்ச நாள் பொறுங்க, ஓட்டுப் போட்டுரலாம்."

பதினைந்தில் நின்ற ஒரு நாள், அரும்பு மீசையோடும் உடைந்த குரலோடும், திரும்பி வளர்வதற்குக் காத்திராமல், அவன் முன்னறைக்குப் போய் அய்யாவின் எதிரில் நின்றான்.

"அய்யா, அந்தத் துண்ட உதறாதீங்க."

"ஏன்?"

"எனக்குத் தாங்கல."

"சேர்ல தூசி. தூசிய தட்டக் கூடாதா? என் துண்டு, என் தோளு. அதுல எவனும் கேள்வி கேக்க முடியாது."

"அதாலதான என்ன அடிச்சீங்க."

"எப்ப?"

"எப்பவும்."

கிழவர் பேப்பரை மடித்தார். எதிரில் நிற்கிற பையனை, அவன் மீசையை, கைலியைப் பிடித்திருந்த மெலிந்த கையை வெகுநேரம் பார்த்தார். "அடிச்சா மனுசனாவேன்னு அடிச்சிருப்பேன்" என்றார். "ஆயிட்டேல்ல."

பூமிநாதன் அழவில்லை. அந்த இடத்திலேயே, காபி ஆறும் நேரம் எடுக்காமல், கண் மூடித் திறப்பதற்குள் தன் முழு உயரத்துக்கு வந்தான், கைலி முழங்காலுக்கு ஏறியது. மறுநாள் துண்டு உதறியபோது அவன் தலையில் ஒரு நரைமுடி மட்டும் கறுத்து மறுபடி வெளுத்தது. அவன் தங்கைக்குப் போன் செய்து, "எனக்குச் சரியாயிருச்சு" என்றான். சரி என்று சொன்ன செண்பகம் அதை நம்பவில்லை. நெற்றி கிழிந்த பிள்ளையின் தாய் எதை நம்புவாள்? யாரிடமும் சொல்லாமல் அவள் ஒரு காரியம் யோசித்தாள்.

தை மாதம் கோயில் வளைவில் அவளே நின்றுகொண்டு, செருப்பைக் கழற்றுகிற ஆண்களிடம் துண்டையும் கேட்டாள். "செருப்பு, துண்டு ரெண்டும் வெளிய. இன்னும் என்னத்த எல்லாம் கழட்டணும் தாயி?" என்றார்கள், சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். துண்டுகள் ஓலைக் கொட்டானில் குவிந்தன. உள்ளே பூமிநாதன் மாலையோடு உட்கார்ந்து, முழு உயரத்தில், முழு அகலத்தில், யாழினியை மடியில் வைத்திருந்தான். பிள்ளை அழுவதைவிட அண்ணன் சிறுத்துவிடுவதே பெரிய பயமாக இருந்ததால் செண்பகம் மகளிடம் போகாமல் வளைவிலேயே காவல் நின்றாள். ஆசாரி வலது காதில் ஊசியை இறக்கினார். பிள்ளை வீரிட்டாள். அவன் மடி அசையவில்லை. அந்த நேரத்தில் வெள்ளைச்சாமி வந்தார், கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டை, தோளில் மடிப்புக் கலையாத துண்டு.

"அய்யா, துண்டக் குடுங்க."

அவர் கொடுக்கவில்லை.

"எல்லாரும் குடுத்துட்டாங்க, பாருங்க." அவள் கையை நீட்டி அவர் தோளிலிருந்து துண்டை எடுத்தாள். அவர் முகம் போன விதத்தைப் பார்த்து மனம் இளகி, அதை நாலாக மடித்து அவர் அக்குளில் செருகினாள். "சரி, கக்கத்துல வச்சுக்கிடுங்க. உதறாம இருந்தாப் போதும்."

கஞ்சிச் சட்டை விறைப்பாகவே கீழே இறங்கியது. அதற்குள் ஐந்து வயது இருக்கும் ஒரு பையன்.

எங்கள் ஊரில் சில தெருக்காரர்கள் பண்ணை வீட்டைக் கடக்கும்போது தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குனிந்து, வாயைப் பொத்திப் போக வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்தவர்கள் அநேகமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மிஞ்சியவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அந்தத் தெருக்களில், ஆசைக்குத் துண்டு போட்டுப் பார்த்த சின்னப் பையனின் தோளிலிருந்து முதலில் அதைப் பிடுங்குகிறவர் பண்ணையார் அல்ல, பெற்ற தகப்பன்தான். பண்ணையார் கண்ணில் படுவதற்குள் பிடுங்கிக் கக்கத்தில் திணித்து, இனி ஒருநாளும் மறக்காதபடி அடித்து வைப்பார். அது பயத்தில் விழுகிற அடி. அன்றைக்கு அது செண்பகத்துக்குத் தெரியாது. அவள் வீட்டில் தெரிந்த ஒரே ஆள் வெள்ளைச்சாமி, அவர் அதைத் தன் வாழ்நாளில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

பையன் இரண்டு கைகளையும் குறுக்கே கட்டிக்கொண்டு, கூன் போட்டு, பந்தலில் ஒவ்வொருவராகப் பார்த்தான், கூட்டத்திலேயே பெரியவனாக, மாலை போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்த பூமிநாதனைப் பண்ணையார் என்று எடுத்துக்கொண்டான். அவன் முன்னால் போய் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான்.

"சாமி, தெரியாமப் போட்டுட்டேன் சாமி. எங்க அய்யாகிட்டச் சொல்லாதீங்க சாமி."

பூமிநாதன் நெற்றி வியர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கினான். பையன் உடனே தலைக்கு மேல் இரண்டு கைகளையும் மடித்து முழங்கைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டான். அந்த முழங்கைகளுக்குள் எவ்வளவு இருட்டாக இருக்கும், அங்கே தன் மூச்சின் சத்தம் எப்படிக் கேட்கும் என்பதெல்லாம் பூமிநாதனுக்குத் தெரியும். வியர்வையைத் துடைத்துவிட்டான். ஆனால் நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம், துடைத்த பிறகும் அந்தக் கை இறங்கவில்லை. கிரீஸ் போக ஷாம்பு போட்டுக் கழுவிய அந்தப் பெரிய கை காற்றில் விரிந்து நின்றது, அதன் நிழல் பையன் மேல் கிடந்தது.

"ஏங்க" என்றாள் உலகம்மாள்.

கை இறங்கியது.

காபி கொண்டுவந்தார்கள், அது ஆறியது, ஆடை கட்டியது, அதைக் கொட்டிவிட்டு வேறு காபி போட்டார்கள், அதுவும் ஆறியது. பையன் பையனாகவே இருந்தான். நல்ல நேரம் தாண்டிப் போனது. "ஒத்தக் காதோட ஒரு பேத்தி" என்று சொல்லிக்கொண்டே மாமியார் வேனில் ஏறினாள். கிழவர் ரொம்ப தூரம் போய்விட்டார், அந்த வயதில் அங்கிருந்து நடந்து திரும்பக் கால் வராது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். "நல்லா வேணும்" என்றவர்களும் "ஐயோ பாவம்" என்றவர்களும் ஒரே ஆட்கள்தான்.

பூமிநாதன் அவனை வீட்டுக்குத் தூக்கி வந்தான். அன்றைக்கே ஸ்பேனர் ஒன்று கை தவறித் தரையில் விழுந்தது, திரும்பிப் பார்த்தபோது பையனுக்கு நாலு வயது. அடுத்த வாரம் பருப்பில் உப்பு இல்லை என்று உலகம்மாளிடம் சொன்னான், மூன்று வயது. ஒரு நாள் ஒன்றுமே சொல்லாமல் கணக்குப் பார்த்தபடி உச்சுக் கொட்டினான், பையன் பேச்சை மறந்து மழலைக்குப் போனான். அவன் ஒருநாளும் அடிக்கவில்லை, அதட்டவில்லை. கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டான், கருவிகளைக் கழிவுத் துணியில் சுற்றி வைத்தான், தன் வீட்டுக்குள் செருப்பில்லாமல், கால் விரல்களில் நடந்தான்.

"நான் என்னதான் செய்யறேன் உலகம்மா?"

"நீங்க ஒண்ணும் செய்யல. அது உங்க முகத்தப் பாக்குது."

"முகத்துல என்ன இருக்கு?"

அவள் சொல்ல மாட்டாமல் சொன்னாள். "எல்லாம் முகத்துலதான இருக்கு."

செண்பகம் வர மனமில்லாமல் மாதக்கணக்கில் இருந்துவிட்டு ஒரு மத்தியானம் வந்தாள். அதற்குள் அய்யா தொட்டிலுக்கு வந்துவிட்டிருந்தார், தறிக்கூடத்து வெள்ளைத் துணியில் கட்டிய தொட்டில். அவள் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு மூடினாள்.

"நான் துண்டத்தான் எடுத்தேன்" என்றாள்.

"தெரியும்."

"இவருக்காக என்ன அழச் சொல்றியா?"

"சொல்லல."

"பின்ன என்ன செய்யச் சொல்ற?"

"சத்தமில்லாமப் பேசு. முழிச்சுருவாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அவனும் தோள் குலுங்கச் சிரித்தான். அய்யா எழுந்துவிடக் கூடாது என்று சின்ன வயதில் அந்த இரண்டு பேரும் எப்படிக் கிசுகிசுத்தார்களோ அப்படியே, நரை விழுந்த தலைகளோடு, தொட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து கிசுகிசுத்தார்கள். அவள் போகும்போது அழுதிருந்தாள், யாருக்காக என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆடிக் காற்று தொடங்கியது. தறி ஒன்று அச்சு முறிந்து நின்று, முதலாளி நாலு பேர் முன்னால் வைத்துப் பேசிவிட்ட ஒரு சாயங்காலம், பூமிநாதன் வீட்டுக்கு வந்து வாசல் கதவைச் சாத்தினான். அறையவில்லை. காற்று இழுத்ததில் கொஞ்சம் வேகமாகச் சாத்திக்கொண்டது, அவ்வளவுதான். கூடவே அவன் கையும் சற்று வேகமாக இருந்திருக்கலாம். உலகம்மாள் தொட்டிலைப் பார்த்தாள். துணி கனமில்லாமல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

எங்கள் தெருவில் பெரியவர்களை எரிப்போம், பிள்ளைகளைப் புதைப்போம். இதற்கு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை, புதைக்கவும் எரிக்கவும் எதுவும் இல்லை. தொட்டில் துணியை ஓடையில் விடச் சொன்னார்கள். தண்ணீர் கரண்டைக்கால் அளவுதான் ஓடியது, துணி கொஞ்சதூரம் போய்க் கல்லில் மாட்டிக்கொண்டது, பூமிநாதன் இறங்கி அதை எடுத்து மறுபடி விட்டான், மறுபடி மாட்டிக்கொண்டது, இருட்டுகிற வரைக்கும் அவன் அதன் பின்னாலேயே கல் கல்லாக நடந்து போனான். யாரும் அவனைக் குற்றம் சொல்லவில்லை. எல்லா வீட்டிலும் கதவுகள் இருந்தன.

புரட்டாசியில் செண்பகம் யாழினியையும் ஆசாரியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பந்தலும் மாலையும் இல்லை, மாமியார் வீட்டு ஆட்களும் வரவில்லை.

"வேற மடி இருக்குன்னாங்களே" என்றான் பூமிநாதன்.

"உக்கார வச்சாங்க. இவ உக்காரல."

"என் மடி வேணாம் செண்பகம்."

"இன்னும் என்ன அண்ணே? இனிமே யாரு வந்து துண்ட உதறப் போறா? நீ சிறுக்க மாட்ட."

"சிறுக்க மாட்டேன்" என்றான் அவன். "அதான் பயமா இருக்கு."

ஆசாரி ஊசியைத் துடைத்தபடி சுவரைப் பார்த்தார். பிள்ளை ஒரு காதில் கம்மலோடு, அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, மாமாவின் முகத்தையே பார்த்தாள். பூமிநாதன் தரையில் உட்கார்ந்தான், அவள் கண்ணுக்கு நேராகத் தன் கண் வருகிற மட்டும் குனிந்தான்.

"யாழினி, மாமாகிட்ட உனக்கு எது பயமா இருக்கு?"

"இதெல்லாம் ஒரு கேள்வியா பிள்ளைட்ட?" என்றாள் உலகம்மாள்.

"சொல்லட்டும். எனக்குத் தெரியாது, அவளுக்குத்தான் தெரியும்."

யாழினி யோசித்தாள். "மூக்கு வழியா மூச்சு விடறீங்க" என்றாள். "புஸ்ஸுன்னு."

"சரி. வேற?"

"கை."

"கை என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யல. பெருசா இருக்கு."

"வேற?"

அவள் அம்மாவைப் பார்த்தாள், மறுபடி அவனைப் பார்த்தாள். "இப்பப் பாக்கற மாதிரி பாக்காதீங்க."

பூமிநாதன் இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்தான். கண்களை மூடிக்கொண்டான். வெளியே யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பிறகு அவன் தொடைமேல் ஒரு சின்ன எடை ஏறி, நகர்ந்து, இடம் பார்த்து உட்கார்ந்தது. தலையைப் பிடித்துக்கொள்ளச் செண்பகம் வந்தாள். ஆசாரி ஊசியை இறக்கினார், பிள்ளை வீரிட்டாள், அவள் முதுகு அவன் நெஞ்சில் வந்து மோதியது. கண்ணைத் திறக்காமல், கைகளை எடுக்காமல், பூமிநாதன் வாயைத் திறந்து, சத்தம் வராமல், அடுத்தவர் பொருளை எடுக்கிறவனைப் போல மெல்ல மெல்ல மூச்சு விட்டான்.